அட்டையின் மேல் பழி ஏன்?

கருவி பழுதுபட்டால் கருவியையே தூக்கி எறிவது செல்வர் வழக்கம். பழுது எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்ப்பது உழைப்பவர் வழக்கம். நம்மில் பெரும்பாலோர் இரண்டாம் வகை வீடுகளிலிருந்தே இப் பல்கலைக்கழகத்துக்கு வந்திருக்கிறோம். கடிகாரம் நின்றால் தட்டிப் பார்க்கிறோம். சைக்கிள் செயின் கழன்றால் நாமே மாட்டிக்கொள்கிறோம். ஆனால் கணிப்பொறி என்று வந்துவிட்டால் மட்டும் நமக்குக் கை நடுங்குகிறது. திரை இருண்டதா? "கார்டு போய்விட்டது!" படம் துடிக்கிறதா? "புதுக் கார்டு வாங்கு!" இதுவே விடுதி அறைகளில் நாம் நாள்தோறும் கேட்கும் தீர்ப்பு. விசாரணை இல்லை; சாட்சி இல்லை; நேரே தண்டனை!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கிராபிக்ஸ் கார்டு கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன், அதனை இயக்கும் டிரைவரை முழுவதும் நீக்கி, மீண்டும் ஒழுங்காக நிறுவிப் பார்க்க வேண்டும். இதனைச் செய்யப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை. ஒரு மாலைப் பொழுதும், சிறிது பொறுமையும், முறை தவறாத மனமும் போதும். தமிழ் இலக்கியம் பயில்வோரும் பொருளியல் பயில்வோரும் இதனைச் செய்யலாம், செய்யவும் வேண்டும்.

டிரைவர் என்பது யாது? நான் பிறந்த மாரிகுப்பத்தார்க்கு இதனை விளக்குவது எளிது. கோலார் தங்கவயலில் சுரங்கக் கூண்டை இறக்கி ஏற்றும் எஞ்சினுக்கு ஒரு டிரைவர் இருப்பார். அவர் தரைக்கு மேலே அமர்ந்திருப்பார். கூண்டோ தரைக்குக் கீழே வெகு ஆழத்தில் தொங்கும். சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் கொண்டது. கண்ணுக்குத் தெரியாத அக் கூண்டை அவர் எப்படி நடத்துவார்? மணி ஓசையைக் கேட்டுத்தான்! இத்தனை அடி அடித்தால் நிறுத்து, இத்தனை அடி அடித்தால் மேலே ஏற்று என்று ஓர் ஒழுங்கு உண்டு. அந்த ஒழுங்கை நம்பித்தான் மனித உயிர்கள் கூண்டில் ஏறின.

கணிப்பொறியின் டிரைவரும் அத்தகையதே. விண்டோஸ் ஓர் ஆணை இடுகிறது. கார்டு வேறொரு மொழி பேசுகிறது. இடையே நின்று அந்த ஆணையைக் கார்டுக்குப் புரியும்படி உரைப்பது டிரைவர். இப்போது எண்ணிப் பாருங்கள். பழைய மணி ஒழுங்கு பாதியும் புதிய மணி ஒழுங்கு பாதியுமாகச் சுவரில் எழுதியிருந்தால் கூண்டு என்னவாகும்? எஞ்சினில் குற்றமா? கூண்டில் குற்றமா? கயிற்றில் குற்றமா? எதிலும் இல்லை, எழுதியிருப்பதில் குற்றம். கார்டின் மேல் நாம் சுமத்தும் பழிகளுள் பல இவ்வகையின.

இன்னொன்றும் கூற வேண்டும். கிராபிக்ஸ் டிரைவரின் ஒரு பகுதி, இயங்குதளத்தின் உள்மையமாகிய கர்னலிலேயே வேலை செய்கிறது. அங்கே நேரும் பிழை, பொறி முழுவதையும் கவிழ்க்க வல்லது. ஆகையால்தான் விண்டோஸ் ஒரு காவல் வைத்திருக்கிறது. இட்ட பணிக்குக் கார்டு 2 விநாடிக்குள் மறுமொழி தராவிட்டால், அதனை உலுக்கி எழுப்பி மறுபடியும் தொடங்கச் செய்கிறது. திரை ஒரு கணம் கறுத்துப் பின் தெளிவது இதனால்தான். அவ்வாறு நேர்ந்தால் கார்டு செத்துவிட்டது என்று ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை. காவலன் விழித்திருக்கிறான் என்பதே அதன் பொருள். ஆனால் அவன் அடிக்கடி விசில் ஊதினால் காரணம் தேட வேண்டும்.

"செட்டிங்ஸில் போய் டிரைவரை நீக்கிவிட்டேனே, இன்னும் என்ன மிச்சம்?" என்று கேட்கும் நண்பர்கள் உளர். நீக்கியது மேற்புறத்தை மட்டுமே. விண்டோஸ் தனக்கென ஒரு கிடங்கு வைத்திருக்கிறது. ஒருமுறை நிறுவிய டிரைவர்க் கட்டின் படியை அக் கிடங்கில் சேர்த்து வைக்கும். ரெஜிஸ்ட்ரி என்னும் பதிவேட்டில் பழைய குறிப்புகள் தங்கியிருக்கும். நிழல், ஒளி ஆகியவற்றைக் கணிக்கும் ஷேடர்களின் பழைய சேமிப்பும் வட்டில் கிடக்கும். நீங்கள் நீக்கிவிட்டுப் பொறியை மறுபடி தொடங்கியதும், விண்டோஸ் தன் கிடங்கிலிருந்து அதே பழைய டிரைவரை எடுத்து அன்போடு பொருத்திவிடும்! அல்லது இணையம் வழியே வேறொரு பதிப்பை இறக்கிக்கொள்ளும். வாசல் வழியே அனுப்பிய விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து திண்ணையில் அமர்ந்த கதைதான்.

எங்கள் ஊரில் நடந்தது ஒன்றைச் சொல்கிறேன். நான் குடியிருக்கும் லைனில், அடுத்த வீட்டுப் பிள்ளை ஒருவன் கட்டட வரைபடங்களுக்கு முப்பரிமாண உருவம் தரும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தான். அவன் தந்தை, விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்பும் பல்லாயிரவரில் ஒருவர். அவர் சேர்த்த பணத்தில் பழைய உறுப்புகளைக் கொண்டு கட்டிய கணிப்பொறி ஒன்று வீட்டுக்கு வந்தது. ஒருநாள் டிரைவரின் புதிய பதிப்பு ஏறிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. அன்று தொடங்கியது தொல்லை. திரை துடித்தது, வரையும் மென்பொருள் திறந்தவுடன் மூடிக்கொண்டது. நகரத்துக் கடை ஒன்றுக்கு எடுத்துச் சென்றார்கள். "தம்பி, கார்டு அவுட்டு. பத்தாயிரத்துக்கு மேல் ஆகும்" என்றார் அங்கிருந்தவர். பொறியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பையன் முகம் வாடி வந்து, "அண்ணா, அப்பாகிட்ட எப்படிக் கேக்கறது?" என்றான். பத்தாயிரம் ரூபாய் என்பது அவ்வீட்டில் எத்தனை நாள் ரயில் பயணம் என்பதை நான் அறிவேன். அன்று மாலை இருவரும் அமர்ந்து, பாதியில் நின்றுபோன அந்த டிரைவரை வேரோடு நீக்கினோம். பின்பு ஒழுங்காக நிறுவினோம். இரவு உணவுக்குள் வேலை முடிந்தது. அதே கார்டில் அவன் இன்றும் வரைந்துகொண்டிருக்கிறான். செலவு? இரண்டு தம்ளர் தேநீர்!

ஒன்று நடந்ததால் எல்லாம் அப்படியே என்று நான் வாதிடவில்லை. கார்டு மெய்யாகவே கெடுவதும் உண்டு. நோய் இன்னது என்றும் அதன் முதல் இன்னது என்றும் தேர்ந்த பின்பே மருந்துக்குச் செல்ல வேண்டும் என்பது வள்ளுவர் மருத்துவர்க்கு வகுத்த முறை. அம் முறை இங்கும் பொருந்தும். பொறியைத் தொடங்கியதும், விண்டோஸ் எழுவதற்கு முன்பே தோன்றும் நிறுவனச் சின்னத்திலேயே கோடுகளும் புள்ளிகளும் தெரிந்தால், குற்றம் டிரைவரில் இல்லை. டிரைவர் அப்போது வேலையே தொடங்கவில்லை. கார்டையோ, கேபிளையோ, திரையையோதான் ஐயுற வேண்டும். கனத்த வேலை தரும்போது மட்டும் பொறி அணைந்தால், தூசி அடைத்த விசிறியையும், மின்சாரம் தரும் பவர் சப்ளையையும் பாருங்கள். டிரைவரைப் புதுப்பித்த மறுநாள் தொல்லை தொடங்கியதா? அல்லது கார்டை மாற்றிய பின்பா? அப்போதுதான் டிரைவரின் மேல் ஐயம் வலுக்கிறது.

ஐயம் வலுத்தாலும், சிறு மருந்தே முதல் மருந்து. விண்டோஸ், கன்ட்ரோல், ஷிப்ட், பி ஆகிய 4 விசைகளைச் சேர்த்து அழுத்தினால், டிரைவர் அந்த இடத்திலேயே புதிதாகத் தொடங்கும். அதில் தீராவிட்டால், டிவைஸ் மேனேஜரில் முந்தைய பதிப்புக்குத் திரும்பும் வழி உண்டு. அதிலும் தீராவிட்டால், என்விடியா நிறுவியில் 'கிளீன் இன்ஸ்டலேஷன்' என்னும் கட்டத்தைத் தேர்ந்து நிறுவலாம், ஏ.எம்.டி. நிறுவனமும் தன் டிரைவரைத் துடைப்பதற்கெனத் தனிக் கருவி ஒன்றைத் தருகிறது. இவை யாவும் பயன்படாதபோதுதான் பெரிய மருந்து.

அப் பெரிய மருந்தின் பெயர் டிஸ்பிளே டிரைவர் அன்இன்ஸ்டாலர், சுருக்கமாக டி.டி.யு. இது கார்டு நிறுவனங்கள் செய்ததன்று. வெளியார் செய்து இலவசமாக வழங்குவது. என்விடியா, ஏ.எம்.டி., இன்டெல் ஆகிய மூன்றின் எச்சங்களையும் துடைக்க வல்லது. இதனைக் கையாளும் முறையை வரிசையாகக் கூறுகிறேன், வரிசை மாறலாகாது.

முதலில், உங்கள் ஆக்கங்களை வேறிடத்தில் படியெடுத்து வையுங்கள். விண்டோஸில் ஒரு மீட்பு நிலையையும் உண்டாக்குங்கள். இரண்டாவதாக, உங்கள் கார்டின் பெயரையும் மாடலையும் குறித்துக்கொண்டு, அதற்குரிய முழு டிரைவரையும் அந்நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி வையுங்கள். டி.டி.யு.வையும் அதனைச் செய்தவர் தளத்திலிருந்தே எடுங்கள்; வழியில் கிடந்த மருந்தைக் குடிப்பாருண்டோ? மூன்றாவதாக, உள்நுழையும் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று பாருங்கள். வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருந்தால், அதன் மீட்புச் சாவியாகிய எண்களைத் தாளில் எழுதி வையுங்கள். இதனைச் செய்யாமல் இறங்கினால், உங்கள் வீட்டுக்கு வெளியே நீங்களே நிற்க நேரும்.

நான்காவதாக, இணையத்தைத் துண்டியுங்கள். கேபிளையும் கழற்றுங்கள், வைபையையும் அணையுங்கள். இல்லையேல் நீங்கள் துடைத்துக்கொண்டிருக்கும்போதே விண்டோஸ் வேறொன்றைக் கொண்டுவந்து வைத்துவிடும். ஐந்தாவதாக, ஷிப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் என்று சென்று, பொறி மீண்டும் எழுந்ததும் 4 என்னும் எண்ணை அழுத்தினால் சேப் மோடு வரும். இந்நிலையில் கார்டின் சொந்த டிரைவர் ஓடுவதில்லை; ஓடாத வண்டியின் சக்கரத்தைத்தானே கழற்ற முடியும்? ஆறாவதாக, டி.டி.யு.வைத் திறந்து, கார்டின் நிறுவனத்தைத் தேர்ந்து, 'துடைத்து மறுபடி தொடங்கு' என்னும் பொத்தானை அழுத்துங்கள். கார்டையே மாற்றப் போகிறீர்களா? அப்படியானால் 'துடைத்து அணை' என்பதைத் தேர்ந்து, மின் இணைப்பைப் பிடுங்கிய பின் கார்டை மாற்றுங்கள்.

பொறி மீண்டும் எழும்போது எழுத்துகள் பெருத்தும் படம் மங்கியும் தோன்றும். அஞ்சற்க! விண்டோஸின் அடிப்படை டிரைவர் வேலை செய்கிறது, அவ்வளவே. இறக்கி வைத்த டிரைவரை இப்போது நிறுவுங்கள், மறுபடி தொடங்குங்கள், அதன் பின்பே இணையத்தை இணையுங்கள். விண்டோஸ் தானே டிரைவர் இறக்குவதை டி.டி.யு. வழியாகத் தடுத்திருந்தால், வேலை முடிந்ததும் அத் தடையை நீக்க மறவாதீர்கள். நீங்கள் முன்பு அமைத்த வண்ண அமைப்பு முதலியன போயிருக்கும். விளையாட்டுகளும் வரையும் மென்பொருள்களும் முதன்முறை சற்றுத் தயங்கித் திறக்கும். ஷேடர் சேமிப்பு புதிதாக உருவாவதே அதற்குக் காரணம்.

மடிக்கணினி வைத்திருப்போர்க்கு ஒரு சொல். பல மடிக்கணினிகளில் செயலியோடு சேர்ந்த ஒரு கிராபிக்ஸும் தனிக் கார்டு ஒன்றும் இரட்டை மாடுகளைப்போல் பூட்டப்பட்டிருக்கும். அங்கே முதலில் நாட வேண்டியது மடிக்கணினி செய்த நிறுவனம் தரும் டிரைவரை. லினக்ஸ் ஆள்வோர்க்கும் ஒரு சொல். தொகுப்பு மேலாளர் வழியாக ஒருமுறையும், நிறுவனத் தளத்திலிருந்து இறக்கிய நிறுவியால் மறுமுறையும் என்விடியா டிரைவரை ஏற்றாதீர்கள். எவ்வழியில் வந்ததோ அவ்வழியிலேயே அதனை அனுப்புங்கள்.

இனி, மறுப்போர் கூற்றுக்கு வருவோம். ஒரு சாரார், "புதிய டிரைவர் வரும்தோறும் துடைத்துத்தான் ஏற்ற வேண்டும்" என்பர். இது நோயில்லாதவன் நாள்தோறும் பேதிக்கு எடுப்பது போன்றது. நன்றாக ஓடும் பொறியில், பழையதன் மேலேயே புதியதை நிறுவினால் போதும்; நிறுவிகள் அதற்கெனவே செய்யப்பட்டவை. மற்றொரு சாரார், "புதியது எதுவோ அதுவே நன்று" என்பர். 2010 மார்ச்சில் என்விடியா வெளியிட்ட 196.75 என்னும் டிரைவர், கார்டின் விசிறியைச் சரிவரச் சுழல விடாமல் சூடேற்றியதாகப் புகார் எழுந்து, அந்நிறுவனமே அதனைத் திரும்பப் பெற்றது. புதியது என்னும் ஒன்றே தகுதியாகாது. விண்டோஸ் 10-க்குரிய பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. பழைய பொறி வைத்திருக்கும் நாம், நம் கார்டையும் இயங்குதளத்தையும் எப் பதிப்பு வரை ஏற்கிறார்கள் என்று பார்த்துத் தேர்வது அறிவுடைமை.

மூன்றாம் சாரார் கூற்றே பெரிது. "இவையெல்லாம் கணிப்பொறித் துறையார் வேலை, நமக்கு எதற்கு?" என்பர் அவர்கள். அவர்கட்கு 2024 ஜூலை 19-ஆம் நாளை நினைவூட்டுகிறேன். கிரவுட்ஸ்டிரைக் என்னும் காவல் மென்பொருளுக்கு வந்த ஒரு பிழையான கோப்பு, கர்னலுக்குள் இருந்த அதன் டிரைவரை இடறச் செய்தது. ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் பொறிகள் நீலத் திரையோடு விழுந்தன என்று மைக்ரோசாப்ட் மதிப்பிட்டது. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். உலகமே அலறிய அந்நாளில் மருந்து என்ன? சேப் மோடில் நுழைந்து, கெட்ட கோப்பை நீக்கிவிட்டு, மறுபடி தொடங்கு என்பதே! பொறி பொறியாகச் சென்று மனிதர் கையால் செய்தார்கள். பிட்லாக்கர் சாவியை எழுதி வைக்காதவர்கள் திண்டாடினார்கள். நான் மேலே கூறிய முறையும் அம் முறையும் ஒரே பள்ளியில் பயின்றவை அல்லவா? இதனை அறிந்த மாணவன் அன்று தன் அலுவலகத்துக்கு உதவியிருப்பான். அறியாதவன் கைகட்டி நின்றிருப்பான்.

நீக்குவது வேறு; தூய்மையாக நீக்குவது வேறு. இவ் வேறுபாட்டை எங்கள் ஊரைப்போல் அறிந்த ஊர் வேறில்லை. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் கால் வைத்த தங்கவயலை, 2001 பிப்ரவரி 28-இல் மூடினார்கள். சுரங்கம் நின்றது, ஆனால் பொன்னைப் பிரித்தபின் கொட்டிய சயனைடு மண்மேடுகள் நின்றன. 13 மேடுகள், 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மண். காற்றடித்தால் அது வீட்டுக்குள் வருகிறது. அம்மேடுகளை ஏலம் விட மாநில அமைச்சரவை இசைவு தந்ததோ 2024-இல்தான். வேலையை நீக்கினார்கள், எச்சத்தை விட்டுச் சென்றார்கள். கணிப்பொறியின் எச்சத்தை ஒரு மாலையில் துடைத்துவிடலாம். மண்ணின் எச்சம் அவ்வளவு எளிதன்று. ஆகவே, கெடாத கார்டையும் குப்பையில் எறிந்து, ஈயமும் பிற நச்சும் கொண்ட இன்னொரு மேட்டை இன்னோர் ஊரின் தலையில் ஏற்றாதிருப்போம். சுரங்கத்து மண்ணில் வளர்ந்தவன் இதனைக் கேட்க உரிமை உடையவன் என்று எண்ணுகிறேன்.

ஆகையால் நம் மன்றத்தார்க்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, திங்களுக்கு ஒரு சனிக்கிழமை மாலை, மன்ற அறையில் பழுது பார்க்கும் பட்டறை நடத்துவோம். தெரிந்தவர் செய்து காட்டட்டும், தெரியாதவர் தம் கையாலேயே செய்து பழகட்டும். இரண்டு, மேற்கூறிய முறையைப் படத்தோடு ஒரே தாளில் தமிழில் அச்சிட்டு விடுதிதோறும் ஒட்டுவோம். விண்டோஸிலும் லினக்ஸிலும் தமிழ் முகப்பு வந்துவிட்டது. ஆனால் பொறி விழுந்த நேரத்தில் கைகொடுக்கும் குறிப்பு தமிழில் அரிதாகவே கிடைக்கிறது. ஆபத்தில் உதவாத மொழி அலங்காரத்துக்குத்தான் என்று பிறர் சொல்ல இடம் தரலாமா? மூன்று, "கார்டு போய்விட்டது" என்று யார் சொன்னாலும், புதியது வாங்கும் முன் பட்டறைக்கு ஒருமுறை கொண்டுவருவது என்று நமக்குள் ஓர் உறுதி செய்துகொள்வோம்.

"கடைக்காரர் பிழைப்பில் மண் போடலாமா?" என்று கேட்பார் இருக்கலாம். நேர்மையாகப் பழுது பார்ப்பவர் பிழைப்பு ஒருநாளும் கெடாது. மெய்யாகவே கெட்ட கார்டை மாற்றித் தர அவர்தான் வேண்டும். சோதித்துப் பார்க்காமலேயே தீர்ப்புக் கூறுபவரிடம், "எப்படி அறிந்தீர்?" என்று பணிவோடு கேட்கும் துணிவு நமக்கு வேண்டும். அத்துணிவு வாய்வீரத்தால் வராது, அறிவால் வரும்.

நண்பர்களே! பெற்றோர் வியர்வையில் வந்தது நம் கையிலுள்ள பொறி. அதனை ஆளக் கற்போம். பழி சுமத்துமுன் விசாரிப்போம். விலை கொடுக்குமுன் துடைத்துப் பார்ப்போம். வருகின்ற சனிக்கிழமையே தொடங்கலாம். முதல் ஆளாக நான் வருகிறேன், ஒரு பென் டிரைவோடு.